இரண்டில் ஒன்று சிவப்பு

எங்கள் வீட்டில் யாரும் குடித்ததில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் சொல்லி வந்த வாக்கியம் இது. பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்னேன். பதவி உயர்வு நேர்காணலில் சொன்னேன். என் மனைவியின் பதினாறாம் நாள் காரியத்தில், யாரும் கேட்காமலே சொன்னேன். அது பொய் என்பது நாக்கில் வைக்கிற ஒரு தாள் துண்டுக்கு இருபது நொடியில் தெரிந்துவிட்டது.

என் பெயர் குற்றாலலிங்கம். சட்டத்துறையில் முப்பத்தொரு வருடம் வரைவாளனாக இருந்தேன். மேடையில் அமைச்சர்கள் பேசுவதைப் பிரிவுகளாகவும் உட்பிரிவுகளாகவும் எழுதிக் கொடுக்கிற வேலை. ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் கழித்து, எழுபத்திரண்டாம் வயதில், என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மது விற்பனைக்குப் புதிய சட்டம் வரப் போகிறது, அதை எழுத யாருக்கும் வளையாத ஆள் வேண்டும் என்றார்கள். அடுத்தவர் மேசையில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்காகக் கூப்பிட்டார்கள், அந்தப் பெயருக்காகப் போனேன்.

முதல் நாள் அரசு மருத்துவமனை ஈரல் வார்டு டாக்டர் மெஹருன்னிசா ஒரு சின்னக் கருவியை என் மேசையில் வைத்தார்.

"இது குடிச்சிருக்கானான்னு பாக்கிறது இல்ல சார். குடிக்க ஆரம்பிச்சா இவனால நிறுத்த முடியுமான்னு பாக்கிறது. நாக்குல தாளை வச்சு இதுக்குள்ள விட்டா போதும். பச்சை விழுந்தா நிறுத்திக்குவான். சிவப்பு விழுந்தா முடியாது."

"ஒரு சொட்டு தொடாதவனுக்கும் தெரியுமா?"

"பொறந்த குழந்தைக்கே தெரியும் சார். உடம்போட கட்டுமானம் அது. ஒழுக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் குறித்துக்கொண்டேன்.

"எத்தனை பேர் சிவப்பு?"

"ஏழு பேருக்கு ஒருத்தர். ஆனா விக்கிற சரக்குல பாதிக்கு மேல குடிக்கிறது அந்த ஒருத்தர்தான். அவருக்கு விக்கக் கூடாதுன்னு சட்டம் வந்தா ஆஸ்பத்திரியில என் வார்டு காலியாயிடும்."

"கம்பெனிக்காரங்க விட மாட்டாங்களே."

"அதுக்குத்தான் சார் நீங்க."

நான் எழுதிய முதல் வரைவு எளிமையானது. எல்லோருக்கும் சோதனை. சிவப்பு விழுந்தவர்கள் பெயர் ஒரு பதிவேட்டில் ஏறும். பதிவேடு திறந்திருக்கும், யாரும் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். சிவப்புக்கு விற்ற கடைக்கு உரிமம் போகும். ஊருக்கே தெரிந்தால்தான் ஊர் காவல் காக்கும் என்று குறிப்பு எழுதினேன். மற்றவர்கள் வீட்டு மானத்தைப் பற்றி எழுதும்போது என் பேனா நிற்பதில்லை.

எங்கள் தொழிலில் எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சட்டத்தின் கடைசியில் மாதிரிப் படிவம் ஒன்று வரும். அதை நானே நிரப்பிப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியதில்லை. கையெழுத்துப் போட இடம் போதுகிறதா, கேள்வி புரிகிறதா என்று அப்படித்தான் தெரியும். என்னால் நிரப்ப முடியாத படிவத்தை ஜனங்களிடம் கொடுக்கக் கூடாது என்று என் கீழ் வேலை பார்த்த எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். இந்தப் படிவத்தில் எச்சில் தாளும் ஒட்ட வேண்டும். ஒரு வீட்டுக்கு எத்தனை படிவம் ஆகிறது என்று பார்க்க என்னுடையதையும் என் மகள் உலகம்மையுடையதையும் நிரப்பினேன்.

உலகம்மைக்கு முப்பத்துமூன்று வயது. துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில், கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்கிற வேலை. பாளையங்கோட்டையில் ஒரு நல்ல குடும்பத்தில் பேசி முடித்து அடுத்த தை மாதத்துக்கு நாள் குறித்திருந்தோம்.

"எனக்கு ரிசல்ட் சொல்வாங்களாப்பா?" என்று நாக்கை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"இது வெறும் மாதிரி. ஒத்திகைன்னு வச்சுக்கோ."

அப்படித்தான் நானும் நினைத்தேன். இரண்டு படிவங்களும் கோப்போடு சோதனைக்கூடத்துக்குப் போயின.

நான்காம் நாள் சாயங்காலம் ஆவுடையப்பன் திருவொற்றியூரில் எங்கள் அடுக்கு வீட்டுக்கு வந்தான். என்னிடம் பதினோரு வருடம் உதவியாளனாக இருந்தவன். கமா வைக்கக்கூட என்னிடம் கற்றவன். இப்போது பானத் தொழில் பேரவையில் ஆலோசகன். சாராயக் கம்பெனிகள் சேர்ந்து நடத்துகிற சங்கத்துக்கு வைத்திருக்கிற மரியாதையான பெயர் அது.

"அண்ணாச்சி, சௌக்கியமா இருக்கியளா."

"என்னடே ஆவுடை, வழி தெரியாம வந்துட்டியோ. உன் கம்பெனி வேலையா வந்திருந்தா அப்படியே திரும்பிப் போயிரு."

"உள்ள விடாமயே திட்டுதியளே. காப்பி கேக்க மாட்டேன், பயப்படாதிய."

உட்கார்ந்தான். பையிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"மாதிரிப் படிவத்தை நாமளே நிரப்பிப் பாக்கணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்திய. இந்தத் தடவையும் நிரப்புவியன்னு எனக்குத் தெரியும். கூடத்துல நம்ம பய ஒருத்தன் இருக்கான். வெளிய போகக் கூடாதுன்னு வாங்கிட்டு வந்துட்டேன். ரெண்டு படிவம். ரெண்டுல ஒண்ணு சிவப்பு அண்ணாச்சி."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் அதை இன்னும் வேகமாக்கினேன்.

"எதுன்னு நான் பாக்கலை. நீங்க தொறந்து பாத்துக்கிடுங்க."

"தேவையில்லை."

திறக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. என் அப்பா நாற்பத்தொரு வயதில் மஞ்சள் காமாலையில் இறந்தார் என்று ஊருக்குச் சொன்னோம். எதனால் காமாலை வந்தது என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. பதின்மூன்று வயதில் நான்தான் அவரை நெல்லையப்பர் கோயில் தெருவிலிருந்து தோளில் சாய்த்து இருட்டுச் சந்து வழியாக வீட்டுக்குக் கூட்டி வருவேன். அந்த ரத்தம் என்னைத் தாண்டிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு வந்திருந்தால் எழுபத்திரண்டு வருடத்தில் தெரியாமலா போயிருக்கும். நான் நிமிர்ந்து நின்றவன். ஆகவே அது உலகம்மை.

"திறந்த பதிவேடுன்னு எழுதியிருக்கிய," என்றான் ஆவுடை மெதுவாக. "உலகம்மைன்னு பேரைப் போட்டு யாரு வேணா தட்டலாம். பாளையங்கோட்டைக்காரவுக தட்டாமயா இருப்பாவ? அவுகளை விடுங்க. நாளைக்குத் தாத்தா எப்படிச் செத்தாருன்னு கேள்வி வரும்லா."

"உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். நம்ம வீட்டு மாதிரி எத்தனை வீடு இருக்கு. பதிவேட்டை மூடி வைங்கன்னு கேக்கேன். பேரு ஒரு அறக்கட்டளை கையில இருக்கட்டும். கடை இயந்திரம் அதுகிட்ட கேட்டுக்கிடும். சிவப்பா இருந்தா 'சரக்கு இல்லை'ன்னு மட்டும் சொல்லும். பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூடத் தெரியாது. குடும்ப மானமும் பொழைக்கும், சட்டமும் பொழைக்கும்."

நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் அந்த இடத்தை நினைத்தால் நியாயமாகப் படுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வாசல் வரை போய்த் திரும்பினான். "விலக்குப் பட்டியல் பழசு மாதிரியே இருக்கட்டும் அண்ணாச்சி. அதுல கை வச்சா வைத்தியருங்க எல்லாம் கோர்ட்டுக்குப் போவாங்க."

விலக்குப் பட்டியலை எந்த வரைவாளனும் புதிதாக எழுதுவதில்லை. மருந்துப் பானங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அறுபது வருடமாக ஒரு வரி உண்டு. லேகியம், அரிஷ்டம், இருமல் மருந்து. முந்தைய சட்டத்தில் உள்ளவாறே என்று எழுதிவிட்டு மேலே போய்விடுவோம். நானும் அப்படியே செய்தேன். அந்த வரியைப் படிக்கக்கூட இல்லை.

பிரிவு பதினான்கை மட்டும் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். பதிவேட்டில் உள்ள ஒருவரின் பெயரை யார் வெளியிட்டாலும் மூன்று வருடம் சிறை. தன் முடிவைத் தானே கேட்டு வாங்கலாம், தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளலாம் என்று மட்டும் ஓர் உட்பிரிவு விட்டுவைத்தேன். மானமுள்ளவன் யார் சொல்லப் போகிறான்.

டாக்டர் மெஹருன்னிசா வரைவைப் படித்துவிட்டு அறைக்கு வந்தார். "இது பூட்டு மாதிரி இருக்கு சார். சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார். அறக்கட்டளை நடுநிலையானது என்றேன். "அதுக்கு யார் பணம் போடறாங்க?" என்றார். அது எழுத்தில் இல்லை, என் வேலை எழுத்து என்றேன். அவர் வரைவை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிறகு என் அறைக்கு வரவே இல்லை.

பங்குனியில் சட்டம் நிறைவேறியது. தனிமனித மானத்தைக் காத்த சட்டம் என்று சட்டசபையில் இரண்டு தரப்பும் மேசையைத் தட்டின. ஆவுடை கொடுத்த உறையை, திறக்காமல், என் பீரோவில் உள்ளறையில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

அன்றிலிருந்து என் மகளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு திரி எரிந்துகொண்டிருப்பது போல இருந்தது. அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் சொல்லிவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள். நான் சொல்லவில்லை. அவள் வீட்டுக்கு வந்ததும் அருகில் போய் நின்று மூச்சை முகர்வேன். அவள் குளிக்கப் போனால் கைப்பையைத் திறப்பேன். துறைமுகத்தில் யாருக்கோ பிரிவு உபசார விருந்து என்றால் அன்று மாலை முழுவதும் ஜன்னலிலிருந்து நகர மாட்டேன். சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் போய்விட்டது. வயிற்றில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது.

ஆடி மாதம் ஒரு பெட்டி வந்தது. மூத்த குடிமக்களுக்கு இலவச மாதிரி என்று என் பெயர் போட்டிருந்தது. ஓமச்சாறு. செரிமானத்துக்கும் நல்ல உறக்கத்துக்கும். பழுப்புக் குப்பி, மேலே ஒரு சின்ன அளவு மூடி. அந்த வயிற்றுக்கு இதமாக இருந்தது. இரவு உணவுக்கு முன் ஒரு மூடி குடித்தால் கல் கொஞ்சம் கரையும். ஆவணியில் இரண்டு மூடி. பிறகு மூடி எதற்கு என்று சின்ன டம்ளரில் ஊற்றிக்கொண்டேன். வாரம் ஒரு பெட்டி தவறாமல் வந்தது. ஏழு மணிக்குக் குடித்தால்தான் எட்டு மணிக்கு அவளை எதிர்கொள்ளத் தைரியம் வந்தது.

கார்த்திகையில் சட்டத்தின் ஆறு மாத அறிக்கை என் பார்வைக்கு வந்தது. கடைகளில் விற்பனை பாதியாகக் குறைந்திருந்தது. மெஹருன்னிசா சொன்ன அதே பாதி. ஆனால் கம்பெனிகள் ஒன்றுகூட மூடவில்லை. வடித்த சரக்கின் அளவு முன்னைவிடக் கூடியிருந்தது. அரசு மருத்துவமனைகளில் ஈரல் வார்டுகளுக்குக் கூடுதல் கட்டில் கேட்டிருந்தார்கள். எனக்குக் கை நடுங்கியது. காலையிலேயே நடுங்கியது. பதிவேட்டை யாரோ படிக்கிறார்கள். விற்கக் கூடாதவர்களின் பட்டியல், யாருக்கு விற்க வேண்டும் என்ற பட்டியலாகிவிட்டது. எங்கோ ஒரு கை என் மகள் இருக்கும் இடத்தைத் தேடி நீண்டுகொண்டிருக்கிறது.

ஆவுடையைப் போனில் கூப்பிட்டேன்.

"பதிவேடு வெளிய போயிருக்குடே."

"யாரு சொன்னா?"

"கணக்கு சொல்லுது. அறக்கட்டளையை நடத்துறது யாரு? நீங்கதான?"

"அண்ணாச்சி, புகார் குடுக்கணும்னா ஒரு சிவப்பு ஆளோட பேரைச் சொல்லணும். இன்னாருக்கு அனுப்பியிருக்காங்கன்னு காட்டணும். பேரைச் சொன்னா மூணு வருஷம். பிரிவு பதினாலு. கமா உட்பட நீங்க எழுதினது. அதுல ஓட்டை இருக்கான்னு எங்க வக்கீலுங்க ஆறு பேரு தேடிப் பாத்துட்டாங்க, கிடைக்கலை. பெருமையாத்தான் இருந்துச்சு."

"என் மகளை விட்டுருங்கடே."

நான் யாரிடமும் கெஞ்சிக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"பிள்ளையை யாரு என்ன பண்ணப் போறா," என்றான். உண்மையாகவே ஆச்சரியப்பட்டவன் போல இருந்தது அவன் குரல். பிறகு, "உங்களுக்கு இப்ப வயிறு எப்படி இருக்கு அண்ணாச்சி? தூக்கம் வருதா?" என்று கேட்டான்.

வருகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வயிற்றைப் பற்றி அவனிடம் எப்போது சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. ஏழு மணி ஆகியிருந்தது.

அன்று உலகம்மை எட்டு மணிக்கு வந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். அவள் அறைக்குப் போனதும் அந்த டம்ளரை எடுத்து முகர்ந்தேன். நிமிர்ந்தால் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல."

"என் பையைத் தினமும் துழாவறீங்க. என் பக்கத்துல வந்து மூச்சை இழுக்கறீங்க. ஆறு மாசமா பாத்துட்டு இருக்கேன். கல்யாணம் ஆகப் போற பொண்ணு மேல சந்தேகமான்னு முதல்ல கோவம் வந்துச்சு. இப்போ உங்களைப் பாத்தா பயமா இருக்கு. சொல்லுங்க."

பீரோவைத் திறந்தேன். சாவி இரண்டு தடவை தவறி விழுந்தது. உறையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அறுபது வருடமாக யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னேன். அப்பாவை, இருட்டுச் சந்தை, ஆவுடை வந்த சாயங்காலத்தை, பிரிவு பதினான்கை.

"அதனால நீ ஜாக்கிரதையா இருக்கணும்," என்று முடித்தேன். "யாரு என்ன குடுத்தாலும் வாயில வைக்காத. குற்றம் உன் மேல இல்ல. அது தாத்தா ரத்தம்."

அவள் உறையைத் தொடவில்லை. பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கத்தில் நகம் அளவு ஒரு பச்சைப் பொட்டு.

"போன மாசம் கட்டுப்பாட்டு அறைக்காரங்க எல்லாரையும் சோதிச்சாங்கப்பா. அவங்கவங்க ரிசல்டை அவங்கவங்க கேட்டு வாங்கிக்கலாம்ல. நான் பச்சை."

அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை நான் சொல்லியாக வேண்டும். என் மகள் தப்பித்தாள் என்ற சந்தோஷம். அது ஒரு மூச்சு நேரம் இருந்தது.

"ரெண்டுல ஒண்ணு சிவப்புன்னு சொன்னாரா?" என்று கேட்டாள். குரல் மாறியிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில், சின்ன மேசையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். பழுப்புக் குப்பியை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள்.

"இதுல தானா விளைஞ்ச சாராயம் நூத்துக்குப் பதினெட்டுன்னு போட்டிருக்கு. மருந்துப் பானம், விலக்கு பெற்றது. எத்தனை நாளா குடிக்கிறீங்க?"

"அது ஓமம்மா. வயித்துக்கு."

"எத்தனை நாளாப்பா?"

ஆடியிலிருந்து விரல் விட்டேன். விரல்கள் நேராக நிற்கவில்லை.

உறையை நானே கிழித்தேன். இரண்டு தாள்கள். மேலே இருந்ததில் என் கையெழுத்து, கட்டத்துக்குள் சரியாகப் பொருந்தியிருந்தது. இடம் போதுமானதாகவே விட்டிருந்தேன். அதற்குக் கீழே சிவப்பு.

அவள் குப்பியைச் சமையலறைக்கு எடுத்துப் போனாள். தொட்டியில் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அந்த வாசனை கூடத்துக்கு வந்தது. ஓமத்துக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது, இத்தனை மாதம் என் மூக்கு எனக்குச் சொல்லாத வாசனை. அது அப்பாவின் மேல்துண்டு. என் வாய் ஊறியது. எழுந்து போய் அவள் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. நாற்காலியின் கைகளைப் பற்றிக்கொண்டேன். எழுந்திருக்காமல் இருப்பதற்கு என் முழு உடம்பும் தேவைப்பட்டது.

அவள் திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"பேர் சொன்னாத்தான் புகார்னு சொன்னார்ல. உங்க பேரை நீங்க சொல்லலாமா?"

"சொல்லலாம். அந்த உட்பிரிவை விட்டுவச்சிருக்கேன்."

"பாளையங்கோட்டைக்கும் தெரியும்ப்பா."

"தெரியும்."

"தெரியட்டும்," என்றாள்.

பேனாவை எடுத்தேன். முப்பத்தொரு வருடம் சட்டம் எழுதிய கை ஒரு நேர்கோடு போட மறுத்தது. அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். சட்டப்பேரவைக் குழுவின் தலைவர் அவர்களுக்கு. என் பெயர் குற்றாலலிங்கம். நான் சிவப்பு. என் தந்தை குடித்து இறந்தார். எனக்கு அனுப்பப்பட்டவை, அனுப்பியவர்கள், அவர்களுக்கு என் பெயர் கிடைத்த வழி பின்வருமாறு. அவள் ஒரு இடத்தில்கூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. கடைசியில் கையெழுத்து மட்டும் நான் போட்டேன். அது என் அப்பாவின் கையெழுத்தைப் போல இருந்தது.

அவள் தாளை மடித்துப் பையில் வைத்தாள். காலையில் வேலைக்குப் போகும் வழியில் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். பிறகு அலமாரி, கட்டிலடி, சமையலறைப் பரண் என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். கிடைத்ததையெல்லாம் கொட்டினாள். என் பொருட்களை இதுவரை அவள் அப்படித் துழாவியதில்லை. நான்தான் அவளுடையதைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"வேற எங்கயாச்சும் இருக்காப்பா?"

"இல்லம்மா."

அவள் என்னை நம்பினாள். நான் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை.

பீரோவின் உள்ளறையில், இத்தனை நாள் அந்த உறை இருந்த இடத்துக்குப் பின்னால், ஒரு முழுக் குப்பி இருக்கிறது. அதை என்றைக்கு அங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. சாவி என் இடுப்பில் இருக்கிறது.